பூனையின் வயிறும் எலி தின்ற மருந்தும்

இயற்கை விவசாயத்தில் பூனைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் விதை நெல் சேமித்துப் பார்க்காதவர்கள். வருஷா வருஷம் கடையில் விதை வாங்குகிறவருக்கு எலி ஒரு தொல்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் கோட்டை கட்டி வைத்துக்கொண்டு அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கிற நமக்கு எலி நுழைந்தால் விதையே போயிற்று. அது தின்பதைவிடக் கடித்துக் கொட்டி, மூத்திரம் பெய்து பாழாக்குவது அதிகம். என் களத்து வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன. சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது, ராத்திரி டூட்டி. வங்கியில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியும் இப்படிப்பட்ட சிப்பந்திகளை நான் பார்த்ததில்லை.

நம் கூட்டங்களில் மடிவீக்கம், கோமாரி என்று மாட்டு வைத்தியம் எல்லாம் பேசி முடித்து, டீ குடித்துக் கலைகிற நேரத்தில் யாராவது ஒருத்தர் ஓரமாக வந்து கேட்பார். "சார், வீட்டுப் பூனை ரெண்டு நாளா கக்குது, வயித்தால போகுது. என்ன குடுக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன தின்னுச்சு?"

வாந்தியும் பேதியும் நோய் இல்லை, நோயின் அடையாளம். கடன் தவணை நின்றுபோன கணக்கைப் பார்த்தால் மழை பொய்த்ததா, மகள் கல்யாணமா, ஆளே ஊரைவிட்டுப் போய்விட்டாரா என்று லெட்ஜரில் தெரியாது. ஊருக்குப் போய் விசாரிக்க வேண்டும். பூனை விஷயமும் அப்படித்தான். நான் கால்நடை மருத்துவர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டதும், படித்ததும், கிட்டத்தில் இருந்து பார்த்ததும்தான் இங்கே எழுதுவது. காரணத்தை ஓரளவு ஊகிக்கத் தெரிந்தால், எப்போது சும்மா இருக்கலாம், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது பிடிபடும்.

முதலில் ஒன்று. பூனை சின்ன மாடும் இல்லை, சின்ன நாயும் இல்லை. அதன் உடம்பு மாமிசத்துக்காகவே ஆனது. டாரின் என்ற சத்து பூனைக்குக் கட்டாயம் வேண்டும். இறைச்சியிலும் மீனிலும்தான் அது இருக்கிறது, சோற்றிலும் பருப்பிலும் இல்லை. எலி பிடிக்கிற பூனை அதைத் தானே சம்பாதித்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே அடைத்துப் பால்சோறு மட்டும் போட்டு வளர்த்தால் நாளாக ஆகக் கண்ணும் இதயமும் கெடும்.

பாலைப் பற்றிச் சொன்னால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கோபம் வரும். பூனை என்றாலே பால்தானே! ஆனால் தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கிற சக்தி குறைந்துவிடுகிறது. செரிக்காத அந்தச் சர்க்கரை குடலில் புளித்து, நீரை இழுத்து, கழிச்சலாகப் போகும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் கழிகிற பூனைக்குப் பாலை நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் மலம் கெட்டிப்பட்டால் மருந்துச் செலவு மிச்சம். பாலில்லாமல் மனசு கேட்கவில்லை என்றால் துளி மோர் வைக்கலாம், தயிராகும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடுகிறது. தினமும் தண்ணீர் வைப்பதுதான் முக்கியம். பால் வைக்கிற வீடுகளில் பலவற்றில் தண்ணீர்க் கிண்ணமே இருக்காது.

இனி, கவலைப்பட வேண்டாத வாந்தி. பூனை நாள் பூராவும் தன்னை நக்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போகும் முடி சில நேரம் வயிற்றில் திரண்டு, விரல் கனத்தில் சுருட்டு மாதிரி வெளியே வரும். எப்போதோ ஒரு தடவை அப்படிக் கக்கிவிட்டு, உடனே வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்தால் ஒன்றுமில்லை. புல் தின்று நுரையோடு கக்குவதும் அப்படியே. மூன்று பூனைக்கு ஒரே தட்டில் சோறு வைத்தால் அவதி அவதியாக விழுங்கிவிட்டு, மென்றதை அப்படியே கொட்டும். அதற்கு வைத்தியம் மூன்று தட்டு. மீன்குழம்பின் மிச்சம், மிளகாய் எண்ணெய், கெட்டுப்போன மீன் தலை, இதெல்லாம் ஒருநாள் கழிச்சல். கக்கிய பிறகும் விளையாடுகிறதா, தின்கிறதா, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம்.

பொறுக்கக் கூடாதது விஷம். பண்ணைப் பூனை திடீரென்று கக்கினால் என் புத்தி முதலில் அங்கேதான் போகும். நம் வயலில் மருந்து அடிக்கவில்லை என்ற நிம்மதி பூனை விஷயத்தில் செல்லாது. ராத்திரி அது சுற்றுவது ஊர் பூராவும்.

எலி மருந்தில் மூன்று ஜாதி நம் பக்கம் உண்டு. மூன்றும் மூன்று விதமாகக் கொல்லும். கருஞ்சாம்பல் நிறப் பொடியாக வருவது துத்தநாகப் பாஸ்பைடு, கடையில் ஜிங்க் பாஸ்பைடு என்பார்கள். பொரியிலோ அரிசியிலோ எண்ணெய் விட்டுப் பிசைந்து வைப்பார்கள். சிலர் எலி நன்றாக வரட்டும் என்று கருவாட்டுத் தூள் சேர்ப்பார்கள், பூனைக்கும் அதுவே பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. வயிற்று அமிலம் பட்டதும் இந்தப் பொடியிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்புகிறது. சில மணி நேரத்தில் வாந்தி, மூச்சிரைப்பு, தள்ளாட்டம். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடித்தால் சந்தேகமே வேண்டாம். இங்கே ஒரு எச்சரிக்கை. விஷம் முறியட்டும் என்று பாலும் முட்டையும் புகட்டக் கூடாது. வயிற்றில் உணவு சேர்ந்தால் அமிலம் கூடும், அமிலம் கூடினால் வாயு கூடும். அந்த வாந்தியைக் குனிந்து முகர்ந்தும் பார்க்காதீர்கள், அதே வாயு நமக்கும் ஆகாது. ஆட்டோவில் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும்.

இரண்டாவது, பச்சை, நீலம், சிவப்பு என்று சோப்புக் கட்டி போல வருகிற புரோமடியோலோன் கேக். இது உடனே கொல்லாது. இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும், அதை உடம்பு பயன்படுத்த முடியாமல் இந்த மருந்து தடுத்துவிடும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும். அதற்குள் எங்கே என்ன தின்றது என்பது நமக்கு மறந்துபோயிருக்கும். ஈறு வெளுக்கும், பூனை சுருண்டு படுக்கும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும், சில நேரம் மூக்கில் இரத்தம் வரும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, அதே வைட்டமின் கே. ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். இரண்டு ஊசியில் எழுந்து நடக்கிறதே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். விஷம் ஈரலில் உட்கார்ந்திருக்கும், பத்தாம் நாள் மறுபடி இரத்தம் கசிந்து சாகும்.

மூன்றாவது, டியூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை. எத்தனை மனித உயிரைக் குடித்தது என்று ஊருக்கு ஊர் தெரியும். தமிழக அரசு தடை செய்த சரக்குதான். தக்காளியில் தடவி மோட்டில் வைக்கிற பழக்கம் மட்டும் எல்லா ஊரிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஈரலைத் தின்னும். இதைத் தின்ற பூனையைக் காப்பாற்றுவது கஷ்டம்.

பூனை நேரடியாக மருந்தைத் தின்ன வேண்டும் என்பதில்லை. மருந்து தின்ற எலி நிதானம் தப்பிப் பட்டப்பகலில் வெளியே வந்து தள்ளாடும். ஓட முடியாத எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும். கேக் தின்ற எலி சாவதற்கே பல நாள் ஆகும். அதுவரை உடம்பில் மருந்தோடு நடமாடும். கூகைக்கும் இதே கதிதான். வரப்பில் டி வடிவக் குச்சி நட்டு ஆந்தையை வரவழைத்துவிட்டு, பக்கத்து வரப்பில் கேக் வைப்பது, வேலைக்கு ஆள் கூப்பிட்டுச் சோற்றில் விஷம் வைக்கிற காரியம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைக் கொன்று, 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்ய வேண்டி வந்ததே. தின்றதைத் தின்றவனுக்கும் விஷம் போய்ச் சேரும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

என் களத்தில் நாலு பூனை இருந்தது. இப்போது மூன்று. போன தாளடியில், கதிர் பால் பிடிக்கிற சமயம், பக்கத்து வயலில் வைத்த பொடி மருந்தில் ஒன்று போனது. விடியற்காலை வைக்கோல் போர் அடியில் கிடந்தது. டாக்டரிடம் கொண்டுபோக அவகாசமே இல்லை. பக்கத்து வயல்காரர் கெட்டவர் இல்லை, என்னைவிடப் பத்து வயசு சின்னவர். நேரில் போய்ச் சொன்னேன். "சார், வரப்பு நமக்குத்தான். பூனைக்கு ஏது சர்வே நம்பர்? எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சண்டை போட்டால் பூனை திரும்பாது. பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மருந்து வைக்கிற அன்று மத்தியானமே எனக்குப் போன் வரும். மூன்று ராத்திரி என் பூனைகள் உள்ளே. காலையில் மிச்ச மருந்தையும் செத்த எலியையும் பொறுக்கிக் குழியில் புதைப்பது அவர் பொறுப்பு. கேக் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அது தின்ற எலி எத்தனை நாள் சுற்றும் என்று கணக்கில்லை, அத்தனை நாள் பூனையை அடைக்க முடியாது. இந்தப் பட்டத்தில் இரண்டு வயலுக்கும் சேர்த்து ஆள் வைத்துத் தஞ்சாவூர் கிட்டி போட்டோம். கூலியில் பாதி நான் கொடுத்தேன். அவர் இதுவரை மருந்து வாங்கவில்லை. அடுத்த பட்டம் எப்படியோ.

பூச்சிமருந்து விஷம் வேறு மாதிரி இருக்கும். வாயில் எச்சில் ஒழுகும், கண்ணீர் வரும், மலமும் மூத்திரமும் தன்னால் போகும், தசை துடிக்கும். மருந்து அடித்த வயலில் நடந்து காலை நக்கினாலும் வரலாம். இதற்கும் டாக்டரிடம் ஊசி உண்டு, நேரம்தான் முக்கியம். தேரையைக் கவ்வினாலும் வாயில் நுரை தள்ளும். தேரை என்று கண்ணால் பார்த்தால் ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள், பிறகு கவனியுங்கள். பல்லி தின்றதால் விஷம் என்பார்கள். வீட்டுப் பல்லியிடம் விஷம் கிடையாது. ஆனால் வெப்ப நாடுகளில் பல்லி வழியாகப் பூனையின் ஈரல் குழாயில் ஏறுகிற ஒரு தட்டைப்புழு உண்டு. பல்லி பிடித்தே பழகிய பூனை மெலிந்து, கக்கி, ஈறு மஞ்சளானால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

புழு என்றதும் குடல் புழுவுக்கு வருவோம். எலி பிடிக்கிற பூனைக்குப் புழு வராமல் இருக்காது. உருண்டைப் புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். வயிறு பானை, முதுகு எலும்பு, மங்கின முடி என்று இருக்கிற குட்டிக்குப் புழு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சில நேரம் சேமியா போல வாந்தியிலேயே வரும். வாலடியில் அரிசி மணி மாதிரி ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. எலியைத் தின்றும் வரும், தெள்ளுப்பூச்சியை விழுங்கியும் வரும். தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடி மறுபடி வரும். உருண்டைப் புழுவுக்கான மருந்து நாடாப்புழுவைத் தொடாது என்பதால், என்ன பார்த்தோம் என்று டாக்டரிடம் சொல்வது அவசியம். வேட்டைப் பூனைக்கு மூன்று மாசத்துக்கு ஒரு தடவையாவது புழு நீக்கம் வேண்டும். மாட்டுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து கண்ணளவாக ஊற்றுகிற வேலை வேண்டாம்.

குட்டி பேதியில் பயப்பட வேண்டியது வேறொன்று. தடுப்பூசி போடாத குட்டி திடீரென்று சோர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடிக்கவும் முடியாமல், கக்கி, நாற்றமடிக்கும் பேதி போனால் அது பூனைப் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். ஓரிரு நாளில் சாகடிக்கும். கிருமி மண்ணிலும் சாக்கிலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேப்பிலைத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் இதைத் தொடாது, பிளீச்சிங் கரைசல்தான் கொல்லும். இதைச் சொல்லும்போது நம் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரியும். எந்த இடத்தில் எது வேலை செய்கிறதோ அதுதான் மருந்து. ஆறு முதல் எட்டு வார வயசில் தொடங்கித் தடுப்பூசி போட்டால் இந்தப் பாடே இல்லை.

நூல் ஒரு எமன். நெல் மூட்டை வாய் தைத்த நூல், பூ கட்டிய நூல், கறிக்கடைப் பொட்டலத்து நூல், இதெல்லாம் பூனைக்கு விளையாட்டுச் சாமான். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் பாவாடை நாடா இழுத்த மாதிரி சுருங்கிக் கடைசியில் அறுபடும். தொடர்ந்து வாந்தி எடுக்கிற பூனையின் வாயைத் திறந்து நாக்கடியில் பாருங்கள். நூல் தெரிந்தாலும், பின்பக்கம் தொங்கினாலும் இழுக்கக் கூடாது. அப்படியே டாக்டரிடம் போக வேண்டும், அறுவை தேவைப்படலாம். வெந்த கோழி எலும்பும் ஆபத்து, சிலாம்பாக உடைந்து குத்தும்.

நம் இயக்கத்துக்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூலிகை என்றால் எல்லா உயிருக்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை நமக்கு. புழுவுக்குப் பூண்டு அரைத்துப் பூனைக்குக் கொடுக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுவை உடைத்து இரத்தசோகை உண்டாக்கும். இஞ்சி பூண்டு கரைசல் பயிருக்கு நல்லது, பூனைக்கு இல்லை. தெள்ளுக்கு வேப்பெண்ணெய் பூசினால் அது தோலில் தங்காது, நக்கி நக்கி வயிற்றுக்குள் போகும். எச்சில் ஒழுகும், வாந்தி வரும். கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறவர்கள் கிழங்கையும் விதையையும் மூடி வையுங்கள், அதிலுள்ள கால்சிசின் மனிதனுக்கே விஷம். ஆங்கில மருந்திலும் இதே கதைதான். காய்ச்சலாக இருக்கிறதே என்று நமக்கான பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும், அதைக் கழித்து வெளியேற்றுகிற வழி அதன் ஈரலில் இல்லை.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். மண்ணைப் பறித்துப் பறித்து உட்காரும், முக்கும், கத்தும், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். பல நேரம் அது மூத்திர அடைப்பு. மூத்திரம் வந்ததா என்று முதலில் பாருங்கள். அடைப்பு என்றால் வாந்தியும் சேர்ந்து வரும், ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். வயசான பூனை அடிக்கடி கக்கி, தண்ணீர் நிறையக் குடித்து, மெலிந்துகொண்டே வந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். லேசான கழிச்சல் என்றால் உப்பு, வெங்காயம், மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்து, துளிச் சோறு சேர்த்து, நாலைந்து வேளையாகக் கொடுங்கள். பட்டினி போட்டால் சரியாகும் என்பது பூனைக்கு ஒத்து வராது. இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால், அதுவும் கொழுத்த பூனை என்றால், உடம்புக் கொழுப்பு ஈரலில் ஏறி அது தனி நோயாகிவிடும். பிடரித் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் சரி, கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. எண்ணெயோ உப்புத் தண்ணீரோ வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். குட்டி என்றாலும், இரத்தம் கண்டாலும், ஈறு வெளுத்தாலும், ஒரே நாளில் பல தடவை கக்கினாலும், விஷச் சந்தேகம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

தஞ்சை வட்டாரத்துக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் சென்னை வேப்பேரியிலும் உண்டு. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கேட்டுப் பார்க்கலாம், வண்டி மாட்டுக்குத்தான் முதலில் ஓடும், வழியாவது சொல்வார்கள். கையோடு கொண்டுபோக வேண்டியவை: மருந்துக் கவர் கிடைத்தால் அது, ஒரு மூடிய டப்பாவில் மலம், வாந்தியைப் போனில் எடுத்த படம், கடைசியாக எப்போது தின்றது, புழு மருந்து எப்போது கொடுத்தது என்ற தேதி. பூனையைச் சாக்கில் கட்டாமல் மூடி போட்ட கூடையில் வையுங்கள். எடையும் தெரிந்திருந்தால் நல்லது, எல்லா மருந்தும் எடைக் கணக்குதான். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். என் பூனைகள் மூன்றும் மூணே கால், மூன்று, நாலு கிலோ.